மாட்டின் கணக்கு மாட்டுக்காரர் கையில்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)



1927 ஜூன் மாதம். உடல்நலம் தேறுவதற்காகப் பெங்களூரில் தங்கியிருந்த காந்தியடிகள், அங்கிருந்த அரசுப் பால்பண்ணை நிறுவனத்துக்கு மாணவராகப் போனார். அப்போது அவருக்கு வயது 57. நிறுவனத்தை நடத்திய வில்லியம் ஸ்மித் அவருக்கு மாடு வளர்ப்பையும் பால் பதனத்தையும் கற்றுக்கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் காந்தி தம் தொழிலை 'விவசாயி' என்று எழுதினார். பசுப் பாதுகாப்பு பக்தியால் மட்டும் நடக்காது, பால்பண்ணை அறிவியலும் பொருளாதாரமும் தெரிந்தவர்கள்தான் அதை நடத்த முடியும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அந்த நிறுவனத்தின் வழிவந்ததுதான் இன்று கர்னாலில் இருக்கும் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனம். 1955-ல் தலைமையகம் அங்கே போனது. பெங்களூரு ஆடுகோடியில் அதன் தென்மண்டல நிலையம் இன்றும் இயங்குகிறது.

காந்தி மாணவராக உட்கார்ந்த அந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் நாட்டின் பால் வரலாறு தலைகீழாக மாறியிருக்கிறது. 1946 டிசம்பரில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவானது. பின்னாளில் அந்த ஒன்றியத்தை வளர்த்தெடுத்த வர்கீஸ் குரியன் 1949-ல் அதே மாவட்டத்தின் ஆனந்த் ஊருக்கு வந்து சேர்ந்தார். 1965-ல் தேசியப் பால்வள வாரியம் உருவானது. 1970 முதல் 1996 வரை வெண்மைப் புரட்சித் திட்டம் நடந்தது. தமிழ்நாட்டில் 1981-ல் கூட்டுறவு இணையம் அமைந்தது, ஆவின் என்ற பெயர் வீட்டுக்கு வீடு போனது. 1990-களின் இறுதியில் அமெரிக்காவைத் தாண்டி உலகில் அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடானது இந்தியா. 2023-24-ல் உற்பத்தி ஏறத்தாழ 24 கோடி டன்.

இவ்வளவு பாலையும் கறப்பது இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பங்கள். அவர்களுக்கென்று பயிற்சிகள் உண்டு, திட்டங்கள் உண்டு, இப்போது கைப்பேசிச் செயலிகளும் உண்டு. புதிய போக்குகள் என்று பட்டியல் போட்டால் பாலினம் பிரித்த விந்து, காது வில்லை, மரபணுச் சில்லு, உணரிப் பட்டை என்று நீண்டுகொண்டே போகும். இந்த உரை அந்தப் பட்டியலை ஒப்பிக்க வரவில்லை. இதன் வாதம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மாட்டின் பாலும் பருவமும் தீவனமும் நோயும் பற்றிய கணக்கு அந்த மாட்டைக் கறப்பவரிடம் இருந்தால்தான் இவற்றில் எந்தப் புதுமையும் காசாகும். பால் பண்ணையாளரின் தொழிற்கல்வி அந்தக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

1. அளவை இரண்டு வேலைகளுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை உலகெங்கும் பால் பெரும்பாலும் படிக்கணக்கில்தான் விலைபோனது. தண்ணீர் சேர்த்தவரும் சேர்க்காதவரும் ஒரே விலை வாங்கினார்கள். 1890-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக், கந்தக அமிலத்தைக் கொண்டு பாலின் கொழுப்பைப் பிரித்து, சுழற்றி, குப்பியின் கழுத்தில் அளந்து படிக்கும் எளிய முறையைக் கண்டார். யாரும் பயன்படுத்தட்டும் என்று அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் உருவாக்கிய முறைதான் நம் ஊர்ச் சங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. கண்ணாடிக் குப்பியும் கையால் சுற்றும் இயந்திரமும் வைத்துப் பார்த்த அந்தச் சோதனையை மூத்த செயலாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் பிறகு டென்மார்க்கில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். அந்த நாட்டின் முதல் கூட்டுறவுப் பாலகம் 1882-ல் மேற்கு ஜட்லாந்தின் ஹெடிங் என்ற சிற்றூரில் தொடங்கியது. 1895-ல் வேயன் என்ற ஊரில் விவசாயிகள் இன்னும் ஓரடி எடுத்து வைத்தார்கள். கூட்டாகச் சம்பளம் கொடுத்து ஒரு பரிசோதகரை அமர்த்தினார்கள். அவர் பண்ணை பண்ணையாகப் போய், ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியே நிறுத்து, கொழுப்பைச் சோதித்து, அது தின்ற தீவனத்தையும் எழுதி வைத்தார். உலகின் முதல் கறவைப் பதிவுச் சங்கம் அதுதான். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் ஹெல்மர் ராபில்ட் என்ற டென்மார்க்காரர் அதே முறையை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குக் கொண்டுபோனார். தீவனச் செலவைக்கூடத் திருப்பித் தராத மாடு எது என்று அங்கே விவசாயிகள் முதன்முறையாகத் தாளில் பார்த்தார்கள்.

ஆக, பாலை அளப்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, வாங்குபவர் விலை போடுவதற்கு. மற்றொன்று, மாடு வைத்திருப்பவர் தம் மாட்டைத் தெரிந்துகொள்வதற்கு. நம் கூட்டுறவு அமைப்பு முதல் வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டது. காலையும் மாலையும் மாதிரி எடுத்து, கொழுப்பும் கொழுப்பல்லாத இதரச் சத்தும் பார்த்து, அதன்படி பணம் தருவது சின்ன சாதனையல்ல. சாதி பார்த்த ஊர்களில் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஒரே அளவையில் பால் ஊற்றியதே ஒரு சமூக மாற்றம்.

இரண்டாவது வேலை நடக்கவில்லை. மூன்று மாட்டுப் பாலும் ஒரே தூக்கில் ஊற்றப்பட்டுச் சங்கத்துக்கு வருகிறது. சீட்டில் கொழுப்பு 3.6 என்று வந்தால், எந்த மாடு உயர்த்தியது, எந்த மாடு இழுத்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது. அந்த எண்ணுக்குள் எத்தனையோ காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. நம் ஊர்களில் விடிகாலை நான்கு, ஐந்து மணிக்கு ஒரு கறவை, பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு கறவை. மாலைக்கும் காலைக்கும் இடையில் நீண்ட நேரம். அதனால் காலைப் பால் அளவில் கூடும், கொழுப்பில் குறையும். ஒரே கறவையிலும் முதலில் வரும் பால் நீர்த்தது, கடைசியில் ஒட்டக் கறக்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. அந்தக் கடைசிப் பாலை முழுவதும் கன்றுக்கு விட்டுவிட்டுச் சங்கத்தில் கொழுப்பு குறைகிறது என்று வருந்துபவர்கள் உண்டு. கறந்த சூட்டோடு பாலில் லாக்டோமீட்டரை விட்டால் அதுவும் குறைத்தே காட்டும். இவற்றைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். சொல்லிக்கொடுக்காததால் சங்கத்துக்கும் உற்பத்தியாளருக்கும் நடுவே தேவையற்ற சந்தேகம் வளர்கிறது.

2023 டிசம்பரில் ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் உயர்ந்தது. பசும்பால் 35-லிருந்து 38 ஆனது, எருமைப்பால் 44-லிருந்து 47 ஆனது. அந்த உயர்வுக்காக உற்பத்தியாளர்கள் எவ்வளவு குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இந்த அவை அறியும். விலைக்கான குரல் ஓயக் கூடாது. அதே நேரத்தில், லிட்டருக்கு இரண்டு, மூன்று ரூபாய் தொழுவத்துக்குள்ளேயே தொலைந்துகொண்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அவர்களுக்குக் கிடைத்தாக வேண்டும்.

2. இருபத்தொரு நாள்

மாட்டுத் தொழிலில் பெரிய நட்டம் எங்கே போகிறது என்று கேட்டால் பலர் பிண்ணாக்கு விலையைச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை, மாடு சினை நிற்காமல் கழியும் நாட்களில் இருக்கிறது.

பசு ஏறத்தாழ 280 நாள் சினை சுமக்கிறது. ஈன்ற இரண்டு, மூன்று மாதத்தில் மீண்டும் சினை ஊசி போட்டுச் சினை பிடித்தால் 12, 13 மாதத்துக்கு ஒரு கன்று. பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டும். வற்றிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் தீவனச் செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவம் தவறினால் 3,150 ரூபாய். மூன்று பருவம் தவறினால் 9,450 ரூபாய். யாரும் களவாடவில்லை, ஆனாலும் பணம் போய்விட்டது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 13 மாதத்துக்கு ஒருமுறை ஈனும் மாடு ஆறு ஆண்டுகளில் ஐந்து ஈத்தைத் தாண்டும். 18 மாதத்துக்கு ஒருமுறை ஈனும் மாடு நான்கோடு நிற்கும். அந்த வேறுபாட்டில் ஒரு முழுக் கறவைக் காலமும் ஒரு கன்றும் அடங்கியிருக்கின்றன.

பருவத்தைக் கண்டுபிடிப்பவர் யார்? விடியலில் தொழுவத்துக்குப் போகிறவர். கத்துவது, தீனி எடுக்காதது, பால் சுரப்பு குறைவது, கண்ணாடி போன்ற வழும்பு தொங்குவது, பக்கத்து மாட்டின் மேல் தாவுவது எல்லாம் பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் தெரிகிற அறிகுறிகள். எருமையில் இது இன்னும் கடினம், ஊமைப் பருவம் அதிகம். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும் என்பது உலகம் முழுவதும் கடைப்பிடிக்கும் நடைமுறை. இதற்கு வேண்டியது ஒரு நாட்காட்டியும் பேனாவும். ஈன்ற தேதி, பருவம் வந்த தேதி, ஊசி போட்ட தேதி, சினைப் பரிசோதனைத் தேதி என்று நான்கு தேதிகள் போதும்.

இந்த இடத்தில்தான் புதிய தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். பாலினம் பிரித்த விந்துக் குச்சி இப்போது நம் மாநிலத்திலும் கிடைக்கிறது. ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு ஈற்றில் கிடேரிக் கன்று பிறக்கும் என்பது அதன் உறுதி. காளைக் கன்றை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் சிறு பண்ணையாளருக்கு இது உண்மையான உதவி. ஆனால் வழக்கமான குச்சியில் ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்கள் இருந்தால் இதில் 20 இலட்சம் அளவில்தான் இருக்கும். பிரிக்கும்போது அவை நலிவும் அடைகின்றன. ஆகவே நேரம் பிசகினால் சினை நிற்கும் வாய்ப்பு வேகமாகச் சரியும். உடல்நிலை நன்றாக உள்ள கிடேரிகளுக்கும் இளம் மாடுகளுக்கும் முதலில் போடச் சொல்வது இதனால்தான். விலை கூடிய குச்சி, தேதி குறித்து வைத்திருப்பவருக்குக் கிடேரியைத் தரும். குறிக்காதவருக்கு அதே குச்சி வெறும் செலவு.

உணரிப் பட்டைகளின் கதையும் இதே. இஸ்ரேலின் அஃபிகிம் கிப்புட்ஸில் மாட்டின் காலில் கட்டும் நடைமானியை உருவாக்கினார்கள். பருவத்தில் மாடு அதிகம் நடக்கும், அதைக் கருவி எண்ணிச் சொல்லும். நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரு சிலர் பார்த்துக்கொள்ளும் பண்ணைக்கு அது தேவை. மூன்று மாட்டை நாள் முழுக்கக் கண்ணெதிரே வைத்திருக்கும் குடும்பத்திடம் இருக்கும் கண் எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. கண் பார்த்ததைத் தாளில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டை வாங்கக் கடன் கொடுக்கும் முன் நாட்காட்டி கொடுங்கள் என்று இந்த மேடையிலிருந்து வங்கியாளர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

3. தீவனத் தொட்டியும் பூஞ்சையும்

பால் உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தீவனம் விழுங்குகிறது. வைக்கோலும் கைக்கு வந்த தவிடும் பிண்ணாக்கும் என்று போட்டால் மாடு வயிறு நிறையும், மடி நிறையாது. பசுந்தீவனத்தில் தமிழ்நாட்டுக்குப் பெரிய வளம் உண்டு. வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஊர் ஊராகப் பரவி, கரணை விற்பனையே ஒரு துணைத்தொழிலாகி விட்டது. ஆனால் புல் மட்டும் போதாது. வேலிமசால், குதிரைமசால், அகத்தி போன்ற பயறுவகைத் தீவனம் சேர்ந்தால்தான் புரதக் கணக்கு நேராகும். மண்ணில் எது குறைகிறதோ அது புல்லிலும் குறையும், மாட்டிலும் குறையும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தாது உப்புக் கலவையைப் பரிந்துரைப்பது இதற்காகவே. தினமும் ஒரு கைப்பிடி அளவுக்கும் குறைவான அந்தத் தூளை வாங்கத் தயங்கிவிட்டு, சினை பிடிக்காத மாட்டுக்கு ஊசிமேல் ஊசி போடுவது பல வீடுகளில் நடக்கிறது.

தேசியப் பால்வள வாரியம் சரிவிகிதத் தீவனத் திட்டம் ஒன்றை நடத்தியது. ஊரிலேயே ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் வீடு வீடாகப் போய் மாட்டின் எடை, பால், கையிலிருக்கும் தீவனங்கள் ஆகியவற்றைக் கணினியில் இட்டு, இந்த மாட்டுக்கு இது இவ்வளவு போதும் என்று சொல்வார். சில வீடுகளுக்குக் கிடைத்த விடை, தீவனத்தைக் குறை என்பது. கூடுதலாகக் கொட்டினால் கூடுதல் பால் என்ற நம்பிக்கையை எண்ணால் மட்டுமே அசைக்க முடியும்.

தீவனத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பான செய்தியைத் தவிர்க்க முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, முடிவை 2019 அக்டோபரில் வெளியிட்டது. கலப்படம் பற்றிய அச்சத்தோடு காத்திருந்தவர்களுக்கு ஆறுதல் கிடைத்தது. ஆபத்தான கலப்படம் வெறும் 12 மாதிரிகளில்தான் இருந்தது. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அந்த எண்ணிக்கையில் முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88.

இந்த நச்சை யாரும் பாலில் கலப்பதில்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து இறக்குமதியான நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அந்தப் பூஞ்சையின் நச்சு அஃப்ளடாக்சின் பி1. மாடு அதைத் தின்றால், ஈரலில் உருமாறி எம்1 ஆகப் பாலில் இறங்கும். தின்ற ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. ஈரல் புற்றுநோயோடு தொடர்புடைய நச்சு இது, குழந்தைகள் குடிக்கும் பாலில் இருக்கிறது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும் என்பதுதான் இதில் நல்ல செய்தி.

அப்படியானால் இந்தப் பிரச்சினையின் திறவுகோல் ஆய்வகத்தில் இல்லை, தீவன மூட்டை இருக்கும் மூலையில் இருக்கிறது. தரையில் படாமல் பலகைமேல் மூட்டை அடுக்குவது, சுவரை ஒட்டாமல் வைப்பது, மழைக்காலத்தில் அதிக நாளுக்கு வாங்கிக் குவிக்காதது, கட்டிதட்டிய பிண்ணாக்கையும் கருத்த மக்காச்சோளத்தையும் மாட்டுக்குத்தானே என்று போடாமல் கழிப்பது. மூட்டை வாங்கிய தேதியும் கடையும் நோட்டில் இருந்தால், ஒரு ஊரில் சிக்கல் வரும்போது எந்தச் சரக்கிலிருந்து வந்தது என்று திரும்பிப் போய்க் கண்டுபிடிக்கலாம். தீவன ஆலைகளையும் வணிகர்களையும் சோதிக்கும் பொறுப்பு அரசுடையது. அதை உற்பத்தியாளர் தலையில் கட்டிவிட முடியாது. ஆனாலும் கேள்வி கேட்பதற்கு அவர் கையில் ஒரு சான்று வேண்டுமே.

4. மடி

மடிநோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மடி வீங்கி, பால் திரிந்து வந்தால் யாருக்கும் தெரியும். வெளியே தெரியாத மடிநோய்தான் அதிகம் தின்கிறது. நான்கு குழிகள் கொண்ட தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, சோதனைத் திரவம் சேர்த்து ஆட்டினால், நோயுள்ள காம்பின் பால் கூழாகிவிடும். 1957-ல் கலிஃபோர்னியாவில் வந்த இந்தச் சோதனை இரண்டு நிமிட வேலை. தஞ்சாவூரில் மரபுவழிக் கால்நடை மருத்துவத்தை ஆய்ந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தியின் மடிநோய் மருந்து இன்று தேசியப் பால்வள வாரியத்தின் வழியாக மற்ற மாநிலங்களுக்கும் போயிருக்கிறது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, நீர்விட்டு மடியில் பூசுவது. நோய் முற்றும் முன் தொடங்கினால் எதிருயிரி ஊசியின் தேவை குறையும். ஊசி போட்டுவிட்டால், மருந்துக்குரிய விலக்கு நாள் முடியும்வரை அந்தப் பால் சங்கத்துக்குப் போகக் கூடாது. ஊசி போட்ட தேதியை எழுதாதவர் அந்த நாளை எப்படி எண்ணுவார்?

5. வகுப்பறை எங்கே, மாணவர் யார்

இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில் தொடங்கியது. செய்து கற்றல் என்பதே அதன் அடிப்படை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இருக்கிறது. நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989-ல் இங்கேதான் பிறந்தது. பல மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் உண்டு. அறிவுக்குப் பஞ்சமில்லாத மாநிலம் இது. ஆனால் பயிற்சி காலை பத்து மணிக்கு மாவட்டத் தலைநகரில் தொடங்கி மாலை ஐந்துக்கு முடிகிறது. பிற்பகல் கறவைக்கு வீட்டில் இருந்தாக வேண்டியவர் அதற்கு எப்படி வருவார்? வருபவர் பெரும்பாலும் வீட்டு ஆண். சாணி அள்ளுவதும் தண்ணீர் காட்டுவதும் கறப்பதும் பருவம் பார்ப்பதும் பெரும்பாலும் பெண். பயிற்சிச் சான்றிதழ் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவர் கையில் என்றால் அந்தச் செலவு யாருக்குப் பயன்பட்டது?

இதற்கு மாற்று வழிகள் கண்முன்னே இருக்கின்றன. 1989-ல் இந்தோனேசிய நெல்வயல்களில் உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. வயலே வகுப்பறை, விவசாயிகளே ஒருவருக்கொருவர் ஆசிரியர்கள். அந்த ஆசிய முறையை இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க் தன் மாட்டுத் தொழுவத்துக்குக் கொண்டுபோனது. மெட்டே வார்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அமைத்த 'தொழுவப் பள்ளி'களில் ஐந்தாறு பண்ணையாளர்கள் ஒரு குழு. எதிருயிரி மருந்துகளைக் குறைப்பது பொது இலக்கு. முறைவைத்து ஒவ்வொருவர் தொழுவத்திலும் கூடுவார்கள். அந்த வீட்டுக்காரர் தாம் வெற்றிபெற்ற ஒன்றையும் தம்மைத் தொல்லைப்படுத்தும் ஒன்றிரண்டு சிக்கல்களையும் முன்வைப்பார். பண்ணையின் பதிவுகள் எல்லார் கையிலும் இருக்கும். நடத்துநர் குறிப்பெடுப்பார், அறிவுரை சொல்லமாட்டார். சொல்வது சக பண்ணையாளர்களின் வேலை. அந்தப் பண்ணைகளில் மருந்துப் பயன்பாடு கணிசமாகக் குறைந்தது. மடி நலம் கெடவில்லை.

நம் ஊர்ச் சுய உதவிக் குழு பத்திருபது பெண்கள் மாதம் ஒருமுறை உட்கார்ந்து சேமிப்பையும் கடனையும் எழுதிப் பழகிய அமைப்பு. கணக்கெழுதத் தெரியும், ஒருவரையொருவர் கேள்வி கேட்கத் தெரியும். டென்மார்க்கில் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது இங்கே ஏற்கனவே இருக்கிறது. அந்தக் கூட்டம் மாதத்தில் ஒருமுறை ஒரு தொழுவத்தில் நடந்தால் போதும், நாமும் ஒரு தொழுவப் பள்ளியைத் தொடங்கிவிடலாம். பெண்கள் நடத்த முடியுமா என்று தயங்குபவர்கள் திருப்பதியைப் பார்க்கலாம். 2014-ல் அங்கே தொடங்கிய ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் உறுப்பினர் எல்லாரும் பெண்கள், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். முடிவெடுக்கும் இடத்திலும் அவர்களே.

6. மேலே போன தகவல் கீழே வரட்டும்

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசிய நோய்க்கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரிக்கும் கன்று வீச்சு நோயான புரூசெல்லோசிசுக்கும் அரசே தடுப்பூசி போடுகிறது. ஊசி போடும் மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை. அந்த எண்ணின் கீழ் தடுப்பூசி, சினை ஊசி, கன்று ஈற்று எல்லாம் 'பாரத் பசுதன்' என்ற தேசியத் தரவுத்தளத்தில் ஏறுகிறது. 2024 அக்டோபரில் நாட்டுப் பசுக்களுக்கும் எருமைகளுக்குமான மரபணுச் சில்லுகள் வெளியாயின. எந்தக் கன்று நல்ல கறவையாகும் என்று சிறு வயதிலேயே கணிக்க அவை உதவும். ஆனால் அந்தக் கணிப்பு திருத்தமாக அமைய, பல்லாயிரம் மாடுகளின் உண்மையான கறவைப் பதிவு வேண்டும். அதைத் தரக்கூடியவர்கள் இதே இரண்டு மாட்டுக்காரர்கள்.

இவ்வளவு தகவலும் மேல்நோக்கிப் போகிறது. மாட்டுக்காரர் கையில் மிஞ்சுவது காதில் தொங்கும் வில்லை மட்டும். சந்தையில் இன்றும் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்கிறார்கள், இரண்டு வேளைப் பாலை மடியில் கட்டி நிறுத்தி ஏமாற்றுகிறார்கள். எத்தனையாவது ஈத்து, கடைசியாக எப்போது ஈன்றது, எத்தனை ஊசியில் சினை நின்றது, மடிநோய் வந்ததா என்று எழுத்தில் காட்ட முடிந்தால், நல்ல மாடு வளர்த்தவருக்கு நல்ல விலை வரும். காப்பீட்டுக்கு வில்லை எண் கேட்கிறார்கள். கால்நடை வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் தம் மாட்டின் வரலாறு தம்மிடமே தமிழில் இருப்பது உற்பத்தியாளரின் உரிமை என்றே கருத வேண்டும்.

இதை ஒரு கோரிக்கையாகவே இந்த அவையில் வைக்கலாம். சங்கச் செயலாளர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் சங்கத்தில் பால் பகுப்பாய்வுக் கருவி இருக்கிறது. மாதத்தில் ஒரு நாளைத் தனி மாட்டுச் சோதனை நாள் என்று ஒதுக்குங்கள். அன்று வழக்கமான கொள்முதல் முடிந்த பிறகு, உறுப்பினர் ஒவ்வொரு மாட்டின் பாலிலும் ஒரு சிறு குப்பி கொண்டுவரட்டும். காலைக் கறவை முழுவதையும் கலக்கி எடுத்த மாதிரியாக இருக்க வேண்டும், முதல் பீச்சோ கடைசிப் பீச்சோ கூடாது. வில்லையின் கடைசி நான்கு இலக்கங்களைக் குப்பிமேல் எழுதினால் போதும். அன்றைய லிட்டர், கொழுப்பு, இதரச் சத்து மூன்றையும் அவருடைய நோட்டில் எழுதிக் கொடுங்கள். அந்த எண்களை விலைக்குப் பயன்படுத்தக் கூடாது, அது முக்கியம். விலையோடு சேர்ந்துவிட்டால் நேர்மையான மாதிரி வராது. முதல் மாதம் ஐந்து பேர்தான் வருவார்கள். வேயனிலும் எல்லாரும் முதல் நாளே வந்திருக்க மாட்டார்கள். கல்லூரி மாணவர்கள் ஆளுக்கு ஒரு சங்கத்தை எடுத்துக்கொண்டு, அந்த நோட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினரோடு உட்கார்ந்து படித்தால், அவர்களுக்கும் அது பாடமாக இருக்கும். சோதனைக்கு ஆகும் சிறு செலவை யார் ஏற்பது என்பதைப் பால் ஒன்றிய அதிகாரிகள் உணவு இடைவேளையிலேயே பேசி முடிவுசெய்யலாம். அவர்கள் மூவரும் இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார்கள்.